பலசரக்குச் சீட்டிலிருந்து ஒரு பத்து நாள் பத்தியம்

போன மாதம் கடையில் கொடுத்த சாமான் சீட்டு வீட்டில் எங்கேயாவது கிடக்கும். அதை முதலில் தேடி எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் நினைவிலிருந்து எழுதினாலும் சரி. பத்து நாள் ஒழுங்காகச் சாப்பிட்டு, அதோடு வீட்டையும் ஒரு நிலைக்குக் கொண்டுவர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஓட்ஸ், சியா விதை, கிரீன் டீ என்று புதிதாக எதையாவது வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். நான் ஆரம்பிக்கச் சொல்வது இந்தச் சீட்டில்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. மாதத்தின் முதல் வாரம் முழுக்கச் சுற்றுவட்டாரத்து வீடுகளின் சீட்டு என் கை வழியாகத்தான் போகும். சீட்டைப் பார்த்தாலே அந்த வீட்டில் சாயங்காலம் என்ன தின்கிறார்கள், ராத்திரி சமையல் உண்டா, யாருக்குச் சுகர் என்பதெல்லாம் ஓரளவு பிடிபட்டுவிடும். அடுப்பைப் பற்றவைப்பதற்கு ரொம்ப முன்னாடியே, சீட்டு எழுதும் அந்தப் பத்து நிமிஷத்திலேயே ஒரு வீட்டின் மாதச் சாப்பாடு முடிவாகிவிடுகிறது. அதனால்தான் கணக்கிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

சீட்டைப் படிப்பது

நாலு பேர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட வீட்டுச் சீட்டில் சீனி 5 கிலோ என்பது சாதாரணம். நாலு பேர், முப்பது நாள், மொத்தம் 120 பங்கு. 5,000 கிராமை 120 ஆக வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 கிராம் வருகிறது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு இப்படிச் சேர்க்கிற சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 42 பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அதே சீட்டில் கீழே பிஸ்கட், ரஸ்க், ஜாம், பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் பவுடர், கருப்பட்டி ஒரு கிலோ என்று வரிசையாக இருக்கும். எல்லாம் கூட்டினால் 50 தாண்டிவிடும். கருப்பட்டியை நம் ஊரில் மருந்தாகவே பார்க்கிறோம். எனக்கும் சுக்குக்காப்பி என்றால் கருப்பட்டி போட்டுத்தான் இறங்கும். இருந்தாலும் அதுவும் சர்க்கரைதான், மார்த்தாண்டம் தேனும் அப்படியே. கணக்கில் சேர்த்துவிட்டு அப்புறம் குடியுங்கள்.

அடுத்தது உப்பு. மாதம் ஒரு கிலோ பாக்கெட் தீர்கிறது என்றால் ஆளுக்கு நாளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. இருக்க வேண்டியது 5 கிராமுக்குக் கீழே. அப்படியானால் நாலு பேருக்கு மாதம் 600 கிராம்தான். இதில் பப்படம், ஊறுகாய், கருவாடு, மிக்சர் வழியாக உள்ளே போகிற உப்பு சேரவில்லை. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டுச் சீட்டில் பப்படம் மூன்று கட்டு என்று எழுதும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

தேங்காய் எண்ணெய் 3 லிட்டர், வேறு எண்ணெய் ஒரு லிட்டர் என்று எழுதினால் அது நாளுக்கு ஆளுக்கு 30 கிராம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் 2,000 கலோரிக்குச் சொல்லியிருப்பது 27 கிராம். கொஞ்சம்தானே கூடுதல் என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் நம் வீடுகளில் பெரிய கொழுப்பு சீட்டிலேயே வராது. அது முற்றத்தில் நிற்கிறது. அவியலுக்கு அரைத்தது, துவரனுக்கு (தேங்காய் போட்ட பொரியல்) துருவியது, மீன் குழம்புக்கு வறுத்து அரைத்தது என்று ஒரு நாளைக்கு ஒரு முழுத் தேங்காய் போகிற வீடுகள் நிறைய. முற்றிய தேங்காயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. கால் கிலோ பருப்பு உள்ள தேங்காய் என்றால் ஆளுக்கு இன்னொரு 20 கிராம். தேங்காய் இல்லாமல் சமைக்கச் சொல்லவே மாட்டேன், அது நம் சாப்பாடே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கறியில் மட்டும் தேங்காய் அரையுங்கள், மற்றதைத் தேங்காய் இல்லாமல் செய்யுங்கள். பத்து நாளைக்கு இது போதும்.

இதுவரை சொன்னது கூடுதலாக இருப்பது. குறைவாக இருப்பதையும் பார்க்க வேண்டும், சொல்லப்போனால் அதுதான் முக்கியம். அதே வழிகாட்டுதலில் பயறு, பருப்பு வகைகள் நாளுக்கு 85 கிராம் என்று இருக்கிறது. நாலு பேருக்கு மாதம் 10 கிலோ. எங்கள் கடைச் சீட்டுகளில் நான் பார்ப்பது துவரம்பருப்பு ஒரு கிலோ, தோசைக்கு உளுந்து 2 கிலோ, சிறுபயறு அரை கிலோ. மீன் சாப்பிடுகிற வீட்டில் அந்த 85-இல் ஒரு பங்கை மீன் ஈடுகட்டும், சரி. ஆனாலும் 10 கிலோவுக்கும் மூன்றரை கிலோவுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் பெரிது. அந்தப் பள்ளத்தைத்தான் சாயங்காலம் ரஸ்க்கும் ராத்திரி பரோட்டாவும் நிரப்புகின்றன.

பத்து நாளைக்கு மூன்று பாத்திரம்

ஒவ்வொரு வேளையும் கரண்டி கரண்டியாக அளந்து சமைக்க யாராலும் முடியாது. அதற்குப் பதிலாக, தொடங்கும் நாளன்று மூன்று பாத்திரங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். நாலு பேர் வீட்டுக்கு ஒரு பாட்டிலில் எண்ணெய் ஒரு லிட்டர், ஒரு டப்பாவில் உப்பு 150 கிராம், இன்னொன்றில் சீனி அரை கிலோ. பத்து நாளும் சமையல், சாயா எல்லாம் இந்த மூன்றிலிருந்துதான். மீதியைக் கட்டி மேல் தட்டில் வைத்துவிடுங்கள். உப்பு 150 என்பது கறியில் போடுவதற்கு மட்டும், மீதி 50 வெளியே தின்கிற பண்டங்களில் வந்துவிடும். ஆறாம் நாளே எண்ணெய் அடியைத் தொட்டுவிட்டால் அடுத்த நாலு நாள் பொரியல் கிடையாது, அவியல்தான். யாரும் யாரையும் கண்டிக்க வேண்டியதில்லை, பாட்டிலைப் பார்த்தாலே எல்லாருக்கும் தெரியும்.

சீனியை ஒரேயடியாக நிறுத்துவது வேண்டாம். இரண்டு கரண்டி போட்டுக் குடிக்கிறவர் மூன்று நாள் ஒன்றரையாக, அடுத்த மூன்று நாள் ஒன்றாக, அப்புறம் அரையாகக் குறைத்தால் நாக்கு ஏற்றுக்கொள்ளும். சாயாவையே விட்டுவிடுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். நாலு வேளை குடித்துப் பழகியவர் திடீரென்று விட்டால் தலைவலி வரும், அந்தத் தலைவலியோடு பத்தியமும் போய்விடும்.

எந்த நாட்கள்

மாதம் முழுக்க ஒரே பக்கத்தில் தெரிகிற காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தாள் கிழிக்கிற காலண்டர் இதற்கு உதவாது. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை போகும். மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை, ஆவணியில் ஓணம், அப்புறம் நோன்புக் காலம், பெருநாள், கிறிஸ்துமஸ். அந்த நாட்களில் பத்தியம் பிடிக்க வேண்டாம், விருந்தைச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். நடுவில் ஒரு கல்யாணம் வந்தாலும் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் கஞ்சியும் பயறுமாகத் தொடருங்கள். நாளைத் தள்ளிப்போடவோ முதலிலிருந்து எண்ணவோ தேவையில்லை.

தொடங்குவதற்கு முன் ரத்தக்கொதிப்பும் சுகரும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிற பணியாளரிடமும் கேட்கலாம். தையல்காரர் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு எடுத்துக் காலண்டர் ஓரத்தில் எழுதுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனிக்க வேண்டும். எடை பார்க்கிற மெஷினை நம்பி இருக்காதீர்கள், முதல் சில நாளில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர்.

அடுக்களையில் அரை நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜின் தலைமேல் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கேஸ் புத்தகம், கல்யாணக் கடிதங்கள், காலாவதியான இருமல் மருந்து, இவற்றுக்கு நடுவில் மிக்சர் டப்பா. வீட்டில் எல்லாருடைய கையும் எட்டுகிற இடம் அது. மிக்சர் அங்கே இருக்கும்வரை யாரும் பசித்துத் தின்பதில்லை, கை பட்டதால் தின்கிறார்கள். அந்த இடத்தைக் காலி செய்து வாழைப்பழச் சீப்பை வையுங்கள். கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைக்கிற நாளில் அதையே வாங்குங்கள், சின்னப் பழம், ஒன்று தின்றால் சரியான அளவு.

கண் மட்டத்துத் தட்டில் கண்ணாடி பாட்டில்களில் சிறுபயறு, காணம் (கொள்ளு), வன்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை. பிளாஸ்டிக் கூடைக்குள் முடிச்சுப் போட்ட பையில் கிடக்கிற பயறு வண்டு பிடித்துத்தான் வெளியே வரும், பார்வையில் இருந்தால் சட்டிக்குப் போகும். ஒவ்வொரு பாட்டிலிலும் சின்னத் தாள் ஒட்டி வாங்கிய மாதத்தை எழுதிவிடுங்கள். பிஸ்கட்டைத் தூக்கி எறிய வேண்டாம், இருப்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு இந்தப் பத்து நாள் வாங்காமல் இருந்தால் போதும்.

சந்தை

காய், கீரை 400 கிராம், பழம் 100 கிராம் என்பது ஒருவருக்கு ஒரு நாள் கணக்கு. நாலு பேருக்கு 2 கிலோ. பத்து நாளைக்கு 20 கிலோ என்று கேட்டால் திகைப்பாக இருக்கும், அதனால் மூன்று தடவையாக வாங்குங்கள். வடசேரி கனகமூலம் சந்தையோ திங்கள்சந்தையோ, உங்களுக்குப் பக்கம் எதுவோ அங்கே போகலாம். முதல் இரண்டு நாளைக்குக் கீரையும் வெண்டையும், மூன்றாம் நாளுக்குப் புடலை, பாகல், சீனியவரை, கடைசிக்குத் தடியங்காய் (நீர்ப்பூசணி), பூசணி, வாழைக்காய் என்று கெடாத வரிசையில் சமையுங்கள். முருங்கைக்கீரைக்குக் காசு கொடுக்க வேண்டிய ஊர் இல்லை இது. ஒரு கொம்பு ஒடித்தால் ஒரு நேரத்துக்கு ஆகும், உருவுவதற்குத்தான் ஆள் வேண்டும். டிவி பார்க்கிறவர் மடியில் ஒரு முறத்தை வைத்துவிடுங்கள்.

மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, காய் கணக்கில் வராது. உருளைக்கிழங்கும் வராது. உலக சுகாதார நிறுவனமே இவற்றை ஒதுக்கித்தான் காய்கறி அளவைச் சொல்கிறது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அரிசிக்குத் துணையாக மரச்சீனி பயிரிட ஊக்கம் கொடுத்தார். அரிசியின் இடத்தை நிரப்ப வந்த கிழங்கு அது. அதனால் மத்தியானம் மரச்சீனியும் மீனும் என்றால் அன்றைக்குச் சோறு வேண்டாம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிற வழக்கத்தைத்தான் விட வேண்டும், மரச்சீனியை விட வேண்டியதில்லை. அவிக்கும்போது மூடாமல் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் இருக்கிற நச்சுச் சத்து பெரும்பாலும் அதோடு போய்விடும்.

மீனில் விலை கூடியதைத் தேட வேண்டாம். சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), நெத்திலி மூன்றும் போதும். சாளையில் இருக்கிற ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு நெய்மீனுக்கு (வஞ்சிரம்) குறைந்தது இல்லை. தடைக்காலம் மட்டும் நினைவிருக்கட்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் உண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது. வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டுவரும் சின்ன மீன் அப்போதும் கிடைக்கும். கிடைக்காத நாளில் கருவாட்டுக்குப் போகாமல் முட்டைக்கோ காணத்துக்கோ போங்கள்.

வேளைகள்

காலையில் சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும். பத்து நாளும் அதையேவா என்று பிள்ளைகள் கேட்டால் நடுவில் புட்டு செய்யலாம், ஆனால் புட்டுக்குப் பழம், சீனி, பப்படம் என்ற கூட்டணிக்குப் பதில் பயறு அல்லது கடலைக்கறி. பயறை முந்தின ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இஞ்சியும் காயமும் சேர்த்து வேகவையுங்கள். பழக்கம் இல்லாத வீட்டில் இரண்டாம் மூன்றாம் நாள் வயிறு உப்பும், வாயு பிடிக்கும். அதற்குப் பயந்து நிறுத்தாமல் அளவைக் கொஞ்சம் குறைத்துத் தொடருங்கள், வயிறு பழகிவிடும்.

மத்தியானத்துக்கு ஒரே ஒரு விதி. தட்டில் முதலில் காயை வையுங்கள், பாதித் தட்டு நிறையட்டும். அப்புறம் கால் பங்கில் மீனோ பயறோ, மிச்சமுள்ள கால் பங்கில் சோறு. நாம் சோற்றை முதலில் கொட்டி, ஓரத்தில் துவரனைத் தொடுகறியாக வைக்கிறோம். வரிசையை மாற்றினாலே சோறு குறைந்துவிடும். யாருடைய தட்டிலிருந்தும் சோற்றைத் திரும்ப எடுக்காதீர்கள், அது மனசைக் காயப்படுத்தும்.

மீன் பொரிப்பதற்குப் பதில் நெத்திலி அவியல் வையுங்கள். நம் மாவட்டத்துக் கடலோர வீடுகளில் இதற்குக் கைப்பழக்கம் உண்டு, ஆனால் வீட்டுக்கு வீடு அளவு மாறும். நான் செய்கிற விதம் இது. அரை கிலோ நெத்திலியைத் தலையோடு குடலும் வரும்படி விரலாலேயே கிள்ளி, கல்லுப்பு போட்டு உரசிக் கழுவுகிறேன். மண்சட்டியில் இரண்டு முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டு, மூழ்காத அளவு தண்ணீர் விட்டு, அரை வேக்காடு வரை விடுகிறேன். அதற்குள் அரை மூடித் தேங்காய், நாலு சின்ன உள்ளி, சீரகம், மஞ்சள், மிளகாய்த்தூள் இவற்றைக் கரகரப்பாக அரைத்து எடுக்கலாம், இதைத்தான் அரப்பு என்போம். மையாக அரைத்தால் குழம்பாகிவிடும், தேங்காயும் கூடுதல் இழுக்கும். முருங்கைக்காய் மேல் மீனைப் பரப்பி, புளிப்பு மாங்காய்த் துண்டும் கீறிய பச்சைமிளகாயும் வைத்து, அரப்பை மேலே மூடி, அரப்பு கழுவிய தண்ணீரைச் சட்டியின் ஓரமாக விட்டு மூடிவிட வேண்டும். அடுப்பு சின்னதாக எரியட்டும். கரண்டி போடாதீர்கள், நெத்திலி உடைந்து கூழாகும். துணியால் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் அரப்பு தானே உள்ளே இறங்கும். தண்ணீர் வற்றி ஓரத்தில் மட்டும் குமிழி தெரிகிறபோது கறிவேப்பிலை கசக்கிப் போட்டு, பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி சுற்றி ஊற்றி, அடுப்பை அணைத்து மூடி வைக்கிறேன். நாலு பேருக்கு ஒரு கரண்டி எண்ணெய். அதே மீனைப் பொரித்திருந்தால் அன்றைய பங்கு முழுக்கச் சட்டியில் போயிருக்கும்.

சாயங்காலம் நாலு மணிதான் இந்தப் பத்து நாளின் சோதனை. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரியும் ரசவடையும் சூடாக வந்து விழும் நேரம். என் அம்மா சொல்வாள், "மக்களே, பசி வந்த பிறகு யாரும் நல்லதைத் தேடமாட்டாவ, பக்கத்தில் இருக்கதத்தான் எடுப்பாவ." அதனால் காலையிலேயே பையில் ஒரு சின்னத் தூக்குவாளி போகட்டும். அவித்த நிலக்கடலை, சுண்டல், இரண்டு மட்டிப்பழம், தை மாதமென்றால் அவித்த பனங்கிழங்கு, எதுவானாலும் சரி. சாயாவைக் கடையிலேயே கூட்டாளிகளோடு நின்று குடியுங்கள், அந்தப் பேச்சு வேண்டியதுதான். தின்பதை மட்டும் பையிலிருந்து எடுங்கள்.

ராத்திரி ஏழிலிருந்து எட்டு வரை

ராத்திரி பரோட்டா வாங்குகிற வீடுகளில் காரணம் பசி மட்டும் இல்லை. எட்டரை மணி வரைக்கும் என்ன சமைப்பது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குள் பிள்ளையின் யூனிபார்ம் காணோம், கரண்ட் பில் கட்டக் கடைசி நாள் நேற்றே போய்விட்டது, ஆதார் நகல் நாளைக்கு வேண்டும் என்று வீடு அல்லோலகல்லோலப்படும். அந்தக் களைப்பில்தான் கால் பரோட்டாக் கடைக்குப் போகிறது. ஆகவே சாப்பாடு சரியாக வேண்டும் என்றால் இந்த ஒரு மணி நேரம் சரியாக வேண்டும்.

முதலில், பத்து ராத்திரிக்கும் என்ன சாப்பாடு என்று காலண்டர் கட்டங்களில் பென்சிலால் எழுதிவிடுங்கள். கோதம்பு (கோதுமை) தோசை, சிறுபயறு தோசை, ராகிப் புட்டு, கஞ்சியும் காணத்துவையலும், இவற்றையே திருப்பித் திருப்பி எழுதலாம். ராத்திரிக்குப் புதுமை தேவையில்லை. பென்சில் என்றால் மாற்ற வசதி. வீட்டில் யார் முதலில் வந்தாலும் கட்டத்தைப் பார்த்து அடுப்பைப் பற்றவைக்கலாம், அம்மா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காகிதங்களுக்கு நாலு பிளாஸ்டிக் கவர் வாங்குங்கள். ஒன்றில் ரேஷன் கார்டு, ஆதார் நகல்கள். ஒன்றில் வீட்டுத் தீர்வை ரசீது, நிலத்துக் காகித நகல், கரண்ட் அட்டை. ஒன்றில் பள்ளிக்கூடம். ஒன்றில் மருந்துச் சீட்டும் டெஸ்ட் ரிசல்ட்டும். நாலுக்கு மேல் பிரித்தால் யாரும் ஒழுங்காக வைக்கமாட்டார்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவதால்தான் மறக்கிறது, அதன் கடைசி நாளையும் இன்ஷூரன்ஸ் தவணையையும் அதே காலண்டரில் சிவப்பால் குறியுங்கள். சாப்பாடும் பில்லும் ஒரே தாளில் இருந்தால் தினமும் கண்ணில் படும். நாளொன்றுக்கு ஒரு கவர் வீதம் எடுத்துக்கொண்டால் ராத்திரி இருபது நிமிஷம்தான் ஆகும். எட்டு மணிக்குத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அன்றைய அடுக்களை முடிந்தது.

யார் செய்யக் கூடாது

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இன்சுலின் போடுகிறவர்கள், சுகரை இறக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் குறைத்தால் சுகர் அளவுக்கு மீறி இறங்கிவிடும். வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் சேரக் கூடாது, இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாமே அவர்களுக்கு அளவோடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதிலும் பொட்டாசியம் இருக்கிறது, அவர்களுக்கு அது ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் எந்தக் குறைப்பும் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சோற்றில் கை வைக்காதீர்கள், பிஸ்கட்டின் இடத்தில் பழமும் கடலையும் வந்தால் அவர்களுக்கு அதுவே பத்தியம்.

வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. என் மாமியிடம் "பப்படம் சாப்பிடாதீங்க" என்று சொன்னால் நிச்சயம் கேட்கமாட்டார்கள். "மாமி, இன்னைக்கு நீங்க சொல்ற மாதிரி காணத்துவையல் அரைச்சுத் தாங்க" என்று கேட்டேன். வறுத்த காணமும் வத்தல்மிளகாயும் புளியும் வைத்து அவர்கள் கையால் அரைத்த துவையலுக்கு முன் பப்படத்தை யாரும் தேடவில்லை.

பத்து நாள் முடிந்ததும் மூன்று பாத்திரத்தில் என்ன மிஞ்சியது என்று பாருங்கள், அடுத்த மாதச் சாமானை அதை வைத்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். சீனியில் ஒரு கிலோ குறைத்து, சிறுபயறும் காணமும் ஒவ்வொரு கிலோ கூட்டினால் அந்த மாதத்துக்குப் போதும். இடுப்பளவை மாதம் ஒரு தடவை எடுங்கள்.

கடைசியாக, குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கத்திலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது, ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு இந்த நேரமெல்லாம் ஒத்துவருமா என்று. விடிவதற்கு முன் பால் விடாத ஒரு கட்டன்சாயாவோடு இறங்கி, வெட்டி, பால் எடுத்து முடிக்க முன்மத்தியானம் ஆகிவிடும் அவர்களுக்கு. அந்தக் கட்டன்சாயாவில் மூன்று கரண்டி சீனி போகிறது, அதுதான் அதுவரைக்கும் சாப்பாடு. அவர்கள் இறங்கும்போதே ஒரு பழமும் ஒரு பிடி நிலக்கடலையும் தின்றுவிட்டு, வெட்டி முடிந்து பால் சேர்வதற்குக் காத்திருக்கும் நேரத்தில் தூக்குவாளிக் கஞ்சியைக் குடிக்கலாம். சாயங்காலத் தின்பண்டத்தை விட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்தால் அவர்கள் தூங்கும் நேரத்துக்குச் சரியாக வரும். வெயிலில் வேர்வை சிந்துகிறவர்கள் என்பதால் உப்பை மேலும் குறைக்க வேண்டாம், 150 கிராம் கணக்கை அவர்களுக்கு 200 ஆக வைத்துக்கொண்டு, கஞ்சித்தண்ணீரில் ஒரு கல் உப்பு போட்டுக் குடிக்கட்டும்.